விடுதலையை எதிர்த்து ஓர் அப்பீல்

அண்ணை,

இன்று மாலை வேலை முடிந்து, பாரிசின் புறநகரான சென் தெனியிலிருந்து ரயில் பிடித்து வந்து, ரூ காய் தெருவில் உள்ள பலசரக்குக் கடைக்குள் நுழைந்தேன். வெங்காயமும் கறிவேப்பிலையும் வாங்குவதுதான் நோக்கம். கடைக்காரர் புதிதாக வந்த அதிமதுரப் பையைக் கத்தியால் கீறி, வேர்த் துண்டுகளைப் போத்தலுக்குள் கொட்டிக்கொண்டிருந்தார். அந்த மணம் மூக்கில் ஏறியதும் நீங்கள் என் பக்கத்தில் வந்து நின்றுவிட்டீர்கள். வெங்காயம் மறந்துபோயிற்று. வீட்டுக்கு வந்து சப்பாத்தைக் கழற்றிய கையோடு எழுத உட்கார்ந்துவிட்டேன்.

மன்றத்தில் வாதாட மேடை ஏறுவதற்கு முன் அதில் ஒரு துண்டை வாயில் அடக்கிக்கொள்வீர்கள். இன்னொரு துண்டை எதிர்த்தரப்புக்காரியான என்னிடம் நீட்டுவீர்கள். "தொண்டை அடைச்சுத் தோத்தனான் எண்டு பேந்து சாட்டுச் சொல்லக் கூடாது" என்பீர்கள். நான் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு வாங்கிக்கொள்வேன். எதிராளியின் தொண்டைக்கு மருந்து கொடுத்துவிட்டு அவளோடு மல்லுக்கு நிற்கும் மனிதரை நான் வேறு எங்கும் கண்டதில்லை.

இன்று வேலையில் ஒன்று நடந்தது. அதை உங்களிடம் சொல்ல மத்தியானத்திலிருந்து வாய் துறுதுறுக்கிறது. ஆனால் அது விளங்க வேண்டுமானால் கவர்னரின் வழக்கிலிருந்துதான் தொடங்க வேண்டும். நீங்கள் ஒருநாளும் என்னைக் குறுக்கிடாமல் பேச விட்டதில்லை. இன்றைக்கு எனக்கு அந்த வசதி இருக்கிறது, அதைப் பயன்படுத்திக்கொள்கிறேன்.

நம்முடைய மன்றம் பெரிய சங்கம் ஒன்றும் இல்லை. பாரிசில் நம் சனத்தின் கடைத்தெருவான லா சப்பலைச் சுற்றியிருக்கும் கடைக்காரர்கள், சமையல்காரர்கள், அலுவலகம் போகிறவர்கள் எல்லோரும் தமிழில் வாயாடுவதற்கென்றே கூடுகிற கூட்டம். வருடத்துக்கு ஒரு முறை வழக்காடு மன்றம் வைப்போம். இதிகாசத்திலிருந்து ஓர் ஆளைப் பிடித்துக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவோம். ஒருவர் குற்றம் சாட்டுவார், ஒருவர் காப்பாற்றுவார், நடுவர் தீர்ப்புச் சொல்வார், பிறகு எல்லோரும் வடை சாப்பிடுவோம். தீர்ப்பு எந்த வருடமும் மாறியதில்லை. குற்றம் இருக்கிறது, ஆனால் அவருடைய நிலையில் யார் இருந்தாலும் அப்படித்தான் செய்திருப்பார்கள், ஆகவே விடுதலை. நம் நடுவர் ஐயா புதுச்சேரிக்காரர், பூ மனசுக்காரர். ஒருவரைத் தண்டித்துவிட்டு நிம்மதியாக வடை சாப்பிட அவரால் முடியாது.

நீங்களும் நானும் எப்போதும் எதிரெதிர்ப் பக்கம்தான். நீங்கள் காப்பாற்றுவீர்கள், நான் குற்றம் சாட்டுவேன். ஆகவே நான் எப்போதும் தோற்றேன். எனக்குத் தோற்கப் பிடிக்காது என்பது லா சப்பல் முழுக்கத் தெரிந்த விஷயம்.

உங்களைப் பற்றி எனக்கு அப்போது தெரிந்தது கொஞ்சம்தான். ஊரில் கச்சேரியில், அதாவது மாவட்டத்து அரசாங்கச் செயலகத்தில், காணிப் பகுதி உத்தியோகத்தராக இருந்தவர். எல்லைப்புறக் கிராமங்கள் உங்கள் பொறுப்பில் இருந்தன. பாரிசுக்கு வந்து உணவகத்தில் கோப்பை கழுவி, பிறகு அதே உணவகத்தின் கல்லாவில் இருந்து, ஓய்வுபெற்றீர்கள். "அவர் அரசாங்க உத்தியோகம் பாத்தவர்" என்று சிலர் உங்களைப் பற்றிச் சொல்லும்போது குரல் ஒரு மாதிரியாக இறங்கும். ஏன் இறங்குகிறது என்று நான் கேட்டதில்லை. போர்க்காலத்தில் அரசாங்கத்தில் இருந்தவர்கள் எல்லோருக்கும் விழுகிற பேச்சு என்று விட்டுவிட்டேன்.

அந்த வருடம் யாரைக் கூண்டில் ஏற்றுவது என்ற கேள்வி வந்தபோது, இதிகாசத்து ஆட்கள் எல்லோரும் ஏற்கனவே விடுதலையாகி வீட்டுக்குப் போயிருந்தார்கள். நான் ரூ காயில் தேநீரும் உளுந்து வடையுமாக உட்கார்ந்திருந்தேன். நீங்கள் தொப்பியைக்கூடக் கழற்றாமல் உள்ளே வந்து, என் எதிரில் இருந்த கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தீர்கள்.

"தங்கச்சி, ஆள் அம்பிட்டிட்டான்."

உங்கள் கண்களைப் பார்த்து நான் ஏதோ திருடனைப் பிடித்துவிட்டீர்கள் என்றே நினைத்தேன். நூலகத்தில் ஆங்கிலப் புத்தகங்களுக்குள் ஓர் அதிகாரியைக் கண்டுபிடித்திருந்தீர்கள். அமெரிக்கா புதிதாகச் சுதந்திரம் அடைந்திருந்த காலம். எல்லைப்புறத்தில் ஒரு பிரதேசத்துக்கு அவர் கவர்னர். அங்கே வாழ்ந்த பூர்வகுடிகளின் விவகாரங்களுக்கும் அவரே பொறுப்பு. தலைநகரம் குதிரையில் பல நாள் தூரத்தில். பூர்வகுடிகளிடம் நிலத்தை எழுதி வாங்க வேண்டும், அதே வேளை அவர்களைப் பாதுகாக்கவும் வேண்டும் என்று ஒரே கடதாசியில் இரண்டு கட்டளை. பிறகு அவர்மேல் முறைப்பாடுகள் போகின்றன. தான் நடந்துகொண்டது சரியே என்று அவர் பக்கம் பக்கமாக மேலிடத்துக்கு எழுதுகிறார்.

இப்படித் தன்னைத் தானே காப்பாற்றி எழுதியவர்கள் அந்தக் காலத்தில் பலர் இருந்தார்கள் என்றும், அவர்களைச் சேர்த்துக் குழைத்து ஒரே ஆளாக்கலாம் என்றும், பெயர் வேண்டாம், கவர்னர் என்றே அழைப்போம் என்றும் மூச்சு விடாமல் சொன்னீர்கள். அவருக்காக யார் பேசுவது என்று கேட்டேன். நீங்கள்தான் என்றீர்கள். அதுவும் வழக்கறிஞராக இல்லை, கவர்னராகவே கூண்டில் ஏறி நின்று பேசப்போவதாகச் சொன்னீர்கள்.

எனக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. கடைசியில் எனக்கு ஒரு சரியான ஆள் கிடைத்துவிட்டான். காணி பறிகொடுத்து வந்த சனம் நிறைந்த மண்டபத்தில், காணி எழுதி வாங்கிய ஓர் உத்தியோகத்தன். இவனை எந்த நடுவர் விடுதலை செய்வார்? மற்றொரு வடைக்குச் சொல்லி, அதில் பாதியை உங்கள் தட்டில் வைத்தேன். என் வாழ்க்கையில் எதிர்த்தரப்புக்கு நான் கொடுத்த ஒரே விருந்து அதுதான்.

அடுத்த சில வாரங்கள் எவ்வளவு ஆரவாரமாக இருந்தன என்று நினைத்தால் இன்றும் இருக்கையில் இருக்க முடியவில்லை. ரயிலில் போகும்போதும் வரும்போதும் நான் படித்தேன். ரூ பிலிப்-து-ஜிராரின் நடைபாதையில் நின்று நாம் போட்ட சண்டையைப் பார்த்து, ஒரு பிரெஞ்சுக்காரி பொலிசைக் கூப்பிடவா என்று என்னிடம் கேட்டாள். இவர் ஒரு கவர்னரைக் காப்பாற்றுகிறார், நான் விடமாட்டேன் என்கிறேன் என்று விளக்கினேன். அவள் இன்னும் பயந்து போனாள்.

ஒன்றுதான் எனக்கு அப்போதே விசித்திரமாகப் பட்டது. உங்கள் கவர்னரின் பலவீனங்களை நீங்களே எனக்கு எடுத்துத் தந்தீர்கள். நிலத்துக்கு உரியவர்கள் வராதபோது வந்தவர்களிடம் கையெழுத்து வாங்கியது, பசிக்காலம் பார்த்துக் கூட்டம் வைத்தது, மொழிபெயர்த்தவனுக்குச் சம்பளம் கொடுத்தவரே நிலத்தை வாங்கியவர் என்பது, இவையெல்லாம் நீங்கள் தொலைபேசியில் கூப்பிட்டுச் சொன்னவை. "உதை நீ கேக்கேல்லை எண்டால் எனக்குக் கோவம் வரும்" என்பீர்கள். இரக்கம் பார்க்கக் கூடாது, விட்டுக்கொடுக்கக் கூடாது என்று திரும்பத் திரும்பச் சொன்னீர்கள். வயது போன மனிதருக்கு விளையாட்டில் பைத்தியம் பிடித்துவிட்டது என்று நான் சிரித்தேன்.

இன்னொன்றுக்கும் சிரித்தேன். ரூ காயில் நடக்கும்போது பவளக்காவின் சேலைக்கடை வந்தால் நீங்கள் மற்றப் பக்க நடைபாதைக்கு மாறிவிடுவீர்கள். மழையிலும் மாறுவீர்கள். வாகனம் வந்தாலும் மாறுவீர்கள். பவளக்கா கணவரை இழந்தவர், கம்பீரமான மனுஷி, நீங்களும் தனி ஆள். நான் கண்ணைச் சிமிட்டிக்கொண்டு கேள்வி கேட்பேன், நீங்கள் காது கேட்காததுபோல் நடப்பீர்கள். அழைப்பிதழ்கள் வந்ததும் ஒன்றை என்னிடம் தந்து, சேலைக்கடையில் கொடுத்துக் கட்டாயம் வரச் சொல்லும்படி கேட்டீர்கள். எனக்கு இது போதாதா? சிரிப்பை அடக்க முடியாமல் ஓடிப்போய்க் கொடுத்தேன். பவளக்கா அதை வாசித்துவிட்டு, யார் தந்தது என்று கேட்டார். உங்கள் பெயரைச் சொன்னேன். அவர் ஒரு சேலையை எடுத்து மடிக்கத் தொடங்கினார். வெட்கம் என்று நினைத்துக்கொண்டேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை மண்டபத்தில் நிற்கவும் இடம் இல்லை. பிள்ளைகள் கதிரைகளுக்கு அடியில் பிரெஞ்சில் கத்தி விளையாடினார்கள். பின்வரிசையில் பவளக்கா கைப்பையை மடியில் வைத்து நேராக உட்கார்ந்திருந்தார். நீங்கள் கறுப்புக் கோட்டோடு கூண்டில் ஏறினீர்கள். கூண்டு என்பது இரண்டு வடைச் சட்டி மேசைகளைச் சேர்த்து அதன்மேல் விரித்த சிவப்புத் துணி. அதற்குப் பின்னால் நின்று நீங்கள் வாய் திறந்ததும் அது உண்மையாகவே நீதிமன்றமாகிவிட்டது.

"கனம் நடுவர் அவர்களே! நான் இந்த மக்களின் எதிரி அல்லன். என் மேசையில் அவர்கள் உணவுண்டார்கள். என் வீட்டு முற்றத்தில் அவர்களின் குழந்தைகள் உறங்கினார்கள். நான் பேனாவால் வாங்காவிட்டால் எனக்குப் பின்னால் வந்தவர்கள் துப்பாக்கியால் எடுத்திருப்பார்கள். எது மேல் என்று நீங்களே சொல்லுங்கள்."

மண்டபம் அதிர்ந்தது. நீங்கள் நிறுத்தவில்லை. பூர்வகுடி ஒருவனைக் கொன்ற வெள்ளையனைத் தண்டிக்க எந்த ஜூரியும் முன்வராதபோது தனியே நின்று எழுதியவன் நான் என்றீர்கள். சாராய வியாபாரிகளைத் துரத்தினேன் என்றீர்கள். எல்லை தாண்டிக் குடியேறியவர்களை வெளியேறச் சொல்லி அறிக்கை போட்டேன், அதனால் என் ஆட்களே என்னைத் திட்டினார்கள் என்றீர்கள். மேலிடம் நிலம் கேட்டது, கீழிருந்தவர்கள் இரக்கம் கேட்டார்கள், நடுவில் நின்றவனுக்கு இரண்டு பக்கமும் அடி என்றபோது உங்கள் குரல் உடைந்தது. முன்வரிசையில் ஒரு கடைக்காரர் கண்ணைத் துடைத்தார். நல்ல தமிழ் காதில் விழுந்தால் கை தானாகத் தட்டுகிற சனம் நாம். அது யாருக்காகப் பேசப்படுகிறது என்று பார்க்கும் பழக்கம் நமக்குக் கிடையாது.

என் முறை வந்தது. என்னால் முடிந்ததெல்லாம் செய்தேன், அண்ணை. நீங்கள் தந்த அம்புகளை ஒவ்வொன்றாக விட்டேன். கொஞ்சம் கைதட்டல் கிடைத்தது, மரியாதைக்குத் தட்டுகிற கைதட்டல். அதற்குப் பிறகு நீங்கள் தராத கேள்வி ஒன்றை, நானே படித்துப் பிடித்ததை, கேட்டேன். எழுதிக் கொடுத்த நிலத்தில் பிறகும் வந்து வேட்டையாடலாம் என்று அவர்களுக்குச் சொல்லப்பட்டது. சில வருடங்களில் அங்கே வேலிதான் இருந்தது.

"கவர்னர் அவர்களே, திரும்பி வரலாம் என்று அந்த மக்களிடம் சொன்னீர்களே. யாரைக் கேட்டுச் சொன்னீர்கள்?"

நீங்கள் தண்ணீர்க் கோப்பையை எடுத்தீர்கள். குடிக்காமல் வைத்தீர்கள். உங்களுக்கு வசனம் மறந்துவிட்டது என்று நினைத்து எனக்குள் ஒரே கொண்டாட்டம். பிறகு தலையை நிமிர்த்தி, நம்பிக்கை கொடுப்பது குற்றமென்றால் தாய்மார் எல்லோரும் குற்றவாளிகள் என்று ஒரே போடு போட்டீர்கள். கூரை பறந்தது. நான் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்தேன்.

நடுவர் ஐயா எழுந்தார். கவர்னரிடம் குற்றம் இருக்கலாம், ஆனால் அவருடைய நிலையில் யார் இருந்தாலும், என்று தொடங்கினார். மிச்சத்தை மண்டபமே சேர்ந்து சொன்னது. விடுதலை. காணி இழந்து, ஊர் இழந்து, கடவுச்சீட்டு மாறிப்போன அத்தனை பேரும் ஒருவர் விடாமல் கை தட்டினார்கள். பொன்னாடையைக் கொண்டுவந்தார்கள். நீங்கள் கையை நீட்டி அதைத் தடுத்தீர்கள். ஒலிவாங்கியைத் திரும்ப வாங்கினீர்கள். மேடைத் தமிழையும் அந்தக் கறுப்புக் கோட்டையும் ஒன்றாகக் கழற்றி வைத்தீர்கள்.

"நடுவர் ஐயா, இந்த விடுதலையை எதிர்த்து நான் அப்பீல் செய்யிறன்."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். நல்ல பகிடி என்றுதான் நினைத்தோம். நீங்கள் சிரிப்பு அடங்கும்வரை காத்திருந்தீர்கள்.

"நான் இண்டைக்குச் சொன்ன வாதத்திலை புத்தகத்திலை எடுத்தது கொஞ்சம்தான். மிச்சமெல்லாம் நான் இவ்வளவு காலமும் எனக்கே சொல்லிக்கொண்டு வந்தது. ஆரும் ஒருத்தர் இதை உடைப்பியள் எண்டுதான் இஞ்சை கொண்டுவந்தனான். நீங்கள் கை தட்டுறியள்."

பிள்ளைகள்கூட விளையாட்டை நிறுத்தினார்கள். காணிப் பகுதியில் இருந்தபோது எல்லைப்புறத்தில் ஓர் ஊருக்கு ஜீப்பில் அனுப்பப்பட்டதைச் சொன்னீர்கள். பாதுகாப்புக் காரணம், ஊரை வெறுமையாக்க வேண்டும், சனத்திடம் கையெழுத்து வாங்க வேண்டும். கட்டளையில் இருந்தது அவ்வளவுதான். அந்தச் சனத்துக்கு உங்களை முன்பே தெரியும், அவர்களுக்குக் காணி உறுதிப் பத்திரம் எடுத்துக் கொடுத்தவர் நீங்கள். பெண்கள் அழுதார்கள்.

"மூண்டு மாசத்திலை திரும்பி வரலாம் எண்டு சொன்னன். மூண்டு மாசம் எண்டு எனக்கு ஒருத்தரும் சொல்லேல்லை. சனம் அழுததைப் பாக்க ஏலாமல் என்ரை வாயிலை வந்தது. தெரியாது எண்டு சொல்லியிருக்க வேணும். தெரிஞ்ச மாதிரிச் சொன்னன். நான் கெட்டவனா இருந்திருந்தால் அந்தச் சனம் என்னை நம்பி வெளிக்கிட்டிராது."

நான் கேட்ட கேள்வி எங்கே போய்க் குத்தியிருக்கிறது என்பது எனக்கு அப்போதுதான் விளங்கியது. மண்டபத்தில் ஒருவர் எழுந்து, இதை இங்கே ஏன் கதைக்கிறீர்கள் என்றார். இன்னொருவர், விடுங்கோ கதைக்கட்டும் என்றார். நடுவர் ஐயா கையைப் பிசைந்தார். "முசியே, நம்ம மன்றத்துல அப்பீலுக்கு வழியே இல்லீங்களே" என்று உண்மையாகவே வருத்தப்பட்டுச் சொன்னார்.

பின்வரிசையில் பவளக்கா எழுந்தார். ஒலிவாங்கி கொண்டுபோனவரைக் கையால் விலக்கினார். அவருடைய குரலுக்கு அது தேவைப்படவில்லை.

"அது என்ரை ஊர். என்ரை அப்பா மாட்டை விக்காமல் அவிட்டு விட்டவர், மூண்டு மாசம்தானே எண்டு. விதைநெல்லை அப்பிடியே விட்டிட்டு வந்தம். நீங்கள் உண்மையைச் சொல்லியிருந்தால் விதைநெல்லை எண்டாலும் எடுத்திருப்பம்."

நீங்கள் தலையை ஆட்டினீர்கள். மன்னிப்புக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் நம் சனம் அதற்கும் கை தட்டியிருக்கும், அது உங்களுக்குத் தெரியும். பவளக்கா கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டு கதவுவரை போனவர், திரும்பி நின்றார்.

"நாளைக்குக் கடைக்கு வாங்கோ. இருந்து கதைப்பம். மற்றப் பக்கத்தாலை போகாதேங்கோ."

நடுவர் ஐயா தீர்ப்பை ஒத்திவைத்தார். நம் மன்றத்தின் வரலாற்றில் முதல் ஒத்திவைப்பு. அன்று வடை அப்படியே ஆறிக் கிடந்தது.

அதற்குப் பிறகு ஊர் வாய் சும்மா இருக்கவில்லை. உங்களை மேடையேற்றினால் தாங்கள் வரமாட்டோம் என்று சிலர் மன்றத்தை விட்டுப் போனார்கள். தேநீர்க் கடையில் நீங்கள் உட்கார்ந்தால் எழுந்து போனவர்களும் இருந்தார்கள். நான் அவர்களோடு சண்டைக்குப் போகப் பார்த்தேன், நீங்கள் என் கையைப் பிடித்து உட்கார வைத்தீர்கள். அவர்களுக்கு அந்த உரிமை இருக்கிறது என்றீர்கள். ஆனால் சேலைக்கடைக்குப் போனீர்கள். முதல் நாள் பவளக்கா உங்களைக் கதிரையில் இருத்திவிட்டு, வாடிக்கையாளர்களுக்குச் சேலை விரித்துக் காட்டிக்கொண்டே உங்களை ஏசினார் என்று கேள்விப்பட்டேன். வாரா வாரம் போனீர்கள். யாருடைய வளவு எங்கே முடிந்தது, எந்தக் கிணறு நல்ல தண்ணீர், எந்த வாய்க்கால் யார் வயலுக்குப் பாய்ந்தது என்று அவர் கேட்பார், காணி வரைபடங்களைப் பார்த்த நினைவில் நீங்கள் சொல்வீர்கள். தெரியாததைத் தெரியாது என்பீர்கள். உங்கள் இறுதிக் கிரியைக்கு அவர் வந்தார். அழவில்லை. கதிரையைச் சவப்பெட்டிக்குக் கிட்ட இழுத்துப் போட்டுக்கொண்டு கடைசிவரை இருந்தார்.

இப்போது இன்றைய கதைக்கு வருகிறேன். இதற்காகத்தானே வெங்காயத்தை விட்டுவிட்டு வந்தேன்.

நான் வேலை செய்யும் கட்டட நிர்வாக அலுவலகம் உங்களுக்குத் தெரியும். கண்ணாடிக்குப் பின்னால் என் இருக்கை, முன்னால் வரிசை. எங்கள் பொறுப்பில் இருக்கும் ஒரு பழைய அடுக்குமாடியைத் திருத்தப் போகிறார்கள். குடியிருப்பவர்களை நகரத்துக்கு வெளியே வேறு வீடுகளுக்கு மாற்ற வேண்டும், அவர்கள் சம்மதக் கையெழுத்துப் போட வேண்டும். காலையில் மேலாளர் எங்களைக் கூப்பிட்டு, கேட்கிறவர்களுக்குக் கோடைக்குள் திரும்பி வரலாம் என்று சொல்லுங்கள் என்றார். யார் அப்படி முடிவு செய்தது என்று கேட்டேன். அவர் தோளைக் குலுக்கினார். சனம் அமைதியாக இருக்க வேண்டும் அல்லவா என்றார். அவர் கெட்டவர் இல்லை, அண்ணை. பிறந்தநாளுக்குக் கேக் கொண்டுவருகிற மனிதர்.

மத்தியானத்துக்குச் சற்று முன் ஒரு மாலி நாட்டுப் பெண் வந்தார். அந்தக் கட்டடத்தில்தான் பிள்ளைகளைப் பெற்று வளர்த்தவர். பேனாவைக் கையில் எடுத்துவிட்டார். கையெழுத்துப் போட வேண்டிய இடத்தில் அதன் நுனியை வைத்தும்விட்டார். பிறகு நிமிர்ந்து என்னைப் பார்த்து, திரும்பி வருவேனா மதாம் என்று கேட்டார். கண் நிறைந்து நின்றது.

அந்த வசனம் என் நாக்கின் நுனியில் வந்து நின்றது. பிரெஞ்சில், நல்ல கனிவான குரலில், ஒரு புன்னகையோடு. அவ்வளவு சுலபமாக அது வருமென்று நான் நினைக்கவே இல்லை. பொய் சொல்லும் உணர்வே இல்லை, ஒருவருக்குத் தண்ணீர் கொடுக்கிற உணர்வு. அப்போதுதான், அந்த ஜீப்பிலிருந்து இறங்கி நின்ற உங்களை முதன்முறையாக உள்ளேயிருந்து பார்த்தேன்.

எனக்குத் தெரியாது மதாம் என்று சொன்னேன். எனக்கு யாரும் சொல்லவில்லை என்றேன். எப்போது திரும்பி வரலாம் என்பதை எழுத்தில் தரச் சொல்லிக் கேளுங்கள், அது கைக்கு வரும்வரை கையெழுத்துப் போட வேண்டியதில்லை என்றேன். அவர் என்னை நம்பாததுபோல் பார்த்தார். பிறகு பேனாவை மூடி, அது என்னுடையது என்பதை அவசரத்தில் மறந்து தன் பைக்குள் போட்டுக்கொண்டு, திரும்பி வரிசையில் நின்றவர்களுக்கு உரத்த குரலில் அதை அப்படியே சொன்னார். மாலை வரைக்கும் ஒருவரும் கையெழுத்துப் போடவில்லை, அண்ணை. ஒருவரும் போடவில்லை.

மேலாளர் நாளை காலை என்னைத் தன் அறைக்கு வரச் சொல்லியிருக்கிறார். குரலில் கேக் இல்லை. என் கணவர் பயந்துபோய் இருக்கிறார், வீட்டுக் கடன் இருக்கிறது, பிள்ளையின் படிப்பு இருக்கிறது. சமையலறை வாசலில் வந்து நின்று, நாளைக்கு உன்னை வேலையால் நிற்பாட்டிவிடுவார்களா என்று கேட்டார். இல்லை, ஒன்றும் நடக்காது என்று சொல்லி அவரைத் தேற்றியிருக்கலாம். அவர் முகத்தைப் பார்க்க அப்படிச் சொல்லத்தான் வாய் வந்தது.

எனக்குத் தெரியாது என்றேன். அவர் கதிரையை இழுத்து என் பக்கத்தில் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார்.